சித்திக்கு மூன்று டம்ளர்

போன மாதம் தொடக்கப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் எட்டுப் பேர் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடினோம். இலையில் சோறு வருவதற்குள் யாரோ அந்தத் தண்ணீர்ப் பயிற்சி வாரத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தார்கள். உடனே எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒருத்தி, தன் அப்பா ரப்பர் நீச்சல் குளத்தை வரவேற்பறையில் ஊதி வைத்து அதில் தண்ணீர் பிடித்த கதையைச் சொன்னாள். இன்னொருவர் பள்ளிக் கழிவறைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதை நடித்தே காட்டினார். “நம்ம சின்ன வயசுல அதுதான்லா ஜாலியான வாரம்” என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

செங்காங்கில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. எனக்கு முதல் குழந்தை பிறந்து ஒரு வருடம் மூன்று மாதம் ஆகிறது. நம் வயதுக்கு இது தாமதம்தான். என் வகுப்புத் தோழிகளின் பிள்ளைகள் உயர்நிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். நான் இன்னும் மகள் எத்தனை மில்லி குடித்தாள் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டிருக்கிறேன். குறித்ததைத் திரும்பப் பார்த்து, சரியாகத்தான் குறித்தேனா என்று சந்தேகப்பட்டுக்கொண்டும் இருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த வாரம் வேடிக்கைக் கதையாக மாறுவதேயில்லை. அன்று மேசையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அந்த எட்டுப் பேரும், அவர்கள் வயதை ஒத்த மற்றவர்களும் படிக்கட்டும்.

உங்களுக்கும் நினைவிருக்கும், அந்த வருடம் சீனப் புத்தாண்டு முடிந்ததும் மழை நின்றுபோனது. திடலில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்து, செருப்புக்கடியில் நொறுங்கியது. செய்தியில் நீர்த்தேக்கத்தின் கரையைக் காட்டினார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. பிறகு ஒரு நாள் கதவிடுக்கில் நான்கு மொழித் துண்டறிக்கை செருகப்பட்டிருந்தது. எங்கள் வட்டாரத்தில் ஆறு நாள் தண்ணீர்ப் பங்கீட்டுப் பயிற்சி. காலை எட்டு மணிக்குக் குழாய் நிற்கும். மாலை ஏழு மணிக்கு மறுபடி வரும். பயிற்சி என்றுதான் போட்டிருந்தது. நிலைமை மோசமானால் எப்படிச் சமாளிப்பது என்று பழகிப் பார்க்கத்தான்.

எங்கள் வீடு தேக்கா சந்தைக்குப் பின்னால், பன்னிரண்டாவது மாடியில். அம்மா துண்டறிக்கையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, கீழே கடையிலிருந்து ஒரு நீல நிறப் பீப்பாய், நான்கு சிவப்பு வாளிகள், மூடி போட்ட இரண்டு அண்டாக்கள் வாங்கி வந்தார். துறைமுகத்தில் முறை வேலை பார்த்த அப்பா, வேலை முடிந்து வந்து வாளிகளைத் தாண்டித் தாண்டி நடந்தபடி, “போர் வரப்போகுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்கு அந்தச் சமயத்தில் சிரிக்க நேரம் இல்லை. வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருந்தாள்.

அது அம்மாவின் தங்கை, என் சித்தி. முதல் பிரசவம், வயிற்றைக் கிழித்து எடுத்த ஆண் குழந்தை. முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர்களைப் பெற்ற என் பாட்டி அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார். எனவே அக்கா வீடே தாய்வீடு ஆனது. பிடோக்கில் மாமியார் வீட்டோடு இருந்த சித்தியை மருத்துவமனையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். என் அறையைச் சித்திக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு நான் வரவேற்பறையில் பாய் போட்டுப் படுத்தேன். எனக்கு வயது பத்து.

அம்மா யாருக்கும் பத்தியம் பார்த்ததில்லை. என்னைப் பெற்றபோது அம்மாவைப் பார்த்துக்கொண்ட பாட்டியும் இல்லை. குறை வைத்தால் பிடோக்கில் என்ன பேசுவார்கள் என்ற பயம் அவருக்கு நாள் முழுவதும் இருந்தது. அதனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வந்த அம்மாள் சொன்னதெல்லாம் எங்கள் வீட்டில் சட்டமானது. அந்த அம்மாள் காலை ஆறரைக்கு வருவார். பருத்த கைகள், வாய் நிறைய வெற்றிலை. வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை இரண்டு வாளி, சித்தியின் இடுப்பிலும் முதுகிலும் ஓங்கி ஓங்கி ஊற்றுவார். வீடு முழுக்க அந்த இலை வாசம் அடிக்கும். குளித்து வந்த சித்தியின் முகம் அவித்த இறால் மாதிரி சிவந்திருக்கும்.

குடிக்க மட்டும் மூன்று டம்ளர். ஓமமும் சுக்கும் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீர், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதற்கு மேல் போனால் வயிறு உள்ளே போகாது, தையல் ஆறாது, உள்ளே சீழ் கட்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். பச்சைத் தண்ணீரில் கைகூட வைக்கக் கூடாது. எதிர்வீட்டில் இருந்த, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய் அம்மாவும் தலையை ஆட்டி, தங்கள் பக்கமும் அப்படித்தான், நாற்பத்து நான்கு நாள் கட்டுப்பாடு என்றார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே மாதிரி சொன்னால் அம்மா வேறு யாரைக் கேட்பார்?

இதில் எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது எதைப் பற்றியென்றால், பால் ஊறுவதற்காக அம்மா பட்ட பாட்டைப் பற்றித்தான். தினமும் சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வருவார். புட்டு செய்து, பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, முருங்கைக்கீரையை உருவி, தட்டைச் சித்தி முன்னால் வைத்து அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அத்தனையும் காரமும் உப்புமாகத் தொண்டையை அடைக்கும் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் டம்ளரில் இருந்ததை அளந்து கொடுப்பார்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த ஏழாவது நாள் தண்ணீர்ப் பயிற்சி தொடங்கியது. நான் மத்தியானப் பள்ளி. காலையில் அம்மா சந்தைக்குப் போகும்போது வீட்டில் நானும் சித்தியும் குழந்தையும் மட்டும்தான். அம்மா என்னைச் சமையலறையில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். பீப்பாய் சமையலுக்கு. அண்டா குடிக்க. மூடி போட்ட வாளிகள் குளிக்க. மூடி இல்லாத வாளி கழிவறைக்கு. பிளாஸ்க்கில் இருப்பது சித்திக்கு, நேரத்துக்கு ஒரு டம்ளர். “நீதான் பாத்துக்கணும்” என்றார்.

பள்ளியிலும் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு துளியும் நாட்டுக்கு முக்கியம், வீட்டில் யாராவது வீணாக்கினால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பள்ளி தொடங்குமுன் நடந்த வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசினார். சட்டையில் ஒட்டிக்கொள்ள நீலத் துளி போட்ட ஒட்டுவில்லை கொடுத்தார்கள். வீட்டுச் சட்டமும் நாட்டுச் சட்டமும் என் தலைக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டன. சித்தி நான்காவது டம்ளர் கேட்டால் அவள் தையலுக்கும் ஆபத்து, சிங்கப்பூருக்கும் ஆபத்து. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது நான் வில்லையைத் தடவிக்கொண்டு சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாளே சித்தி கேட்டாள். சுவரைப் பிடித்து மெதுவாக நடந்து வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உதடு வெடித்து ஓரத்தில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

“கண்ணு, ஒரு வாய் தண்ணி தாயேன்.”

“அம்மா பன்னெண்டு மணிக்குத்தான் கொடுக்கச் சொன்னாங்க.”

“அதுல பாதி இப்பக் கொடு. பன்னெண்டுக்குப் பாதி குடிச்சுக்கறேன்.”

எனக்கு அந்தக் கணக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அப்படி மாற்றலாம் என்று யாரும் சொல்லவில்லையே. “உங்க தையலுக்குத்தான் சித்தி” என்றேன். பெரியவர்கள் பேசுகிற மாதிரிப் பேசினேன். “நீ டீச்சராத்தான் வருவே” என்று சொல்லிவிட்டுச் சித்தி திரும்பி நடந்தாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அம்மா வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா அறைக்குள் போய், ஊருக்கே தண்ணீர் இல்லாதபோது உனக்கு மட்டும் நாக்கை அடக்க முடியாதா, உன் உடம்புக்குத்தானே இவ்வளவும் என்று கத்தினார். பிறகு வெளியே வந்து என் தலையைத் தடவி, “என் தங்கம்” என்றார்.

அன்று மாலை ஏழு மணிக்குக் குழாய் வந்தது. முதலில் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு காற்று, பிறகு துரு நிறத்தில் கொஞ்சம், அப்புறம் தெளிந்த தண்ணீர். எங்கள் அடுக்குமாடிப் புளோக் முழுவதும் ஒரே நேரத்தில் வாளிகள் நிறையும் ஓசை கேட்டது. நான் தலைக்கு ஊற்றிக் குளித்தேன். அம்மா துணி அலசினார். அப்பா ஒரு செம்பு நிறையக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. சித்தி குழந்தையை மடியில் போட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்கால டம்ளர் அவளுக்கு ஆறு மணிக்கே முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் வீட்டில் தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். அவர் சீனர், இளவயது, அப்போது ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தார். மற்றவர்கள் காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதையும், பல் துலக்கும்போது குவளை வைத்துக்கொள்வதையும் சொன்னார்கள். என் முறை வந்ததும் நிமிர்ந்து நின்று, எங்கள் வீட்டில் குழந்தை பெற்ற என் சித்தி ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் குடிக்கிறார், நான்தான் காவல் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆசிரியை தட்டவில்லை. குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். பாலுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். பள்ளி விட்டதும் என்னை நிறுத்தி, உறையில் போட்டு ஒட்டிய ஒரு கடிதத்தைக் கொடுத்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அது பாராட்டுக் கடிதம் என்றே நினைத்து ஓடிவந்தேன். அம்மா உயர்நிலைப்பள்ளியில் இரண்டாம் வருடம் வரை படித்தவர், ஆங்கிலம் வாசிப்பார். நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார். பால் கொடுக்கிற தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தயவுசெய்து மருத்துவரைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அம்மா அடுப்படிக்கு என்னை இழுத்துப் போய், சித்திக்குக் கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“வீட்டுல நடக்கறத வெளிய போய்ச் சொல்லுவியா? நாளைக்கு இது பிடோக்குல தெரிஞ்சா என்ன பேசுவாங்க? அக்காகாரி தங்கச்சிக்குத் தண்ணிகூடக் கொடுக்கலன்னு பேசுவாங்க.”

கொடுக்கவில்லைதானே என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. இனிமேல் சித்தி விஷயமாக யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கடிதம் அரிசி டின்னுக்கு அடியில் போனது. என் மகளின் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து வரும் ஒவ்வொரு குறிப்பையும் நான் மூன்று முறை வாசித்து, பதில் அனுப்பி, அனுப்பிய பதில் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்பதைப் பார்த்து என் கணவர் கேலி செய்வார். அவருக்கு அந்த அரிசி டின்னைத் தெரியாது.

நான்காம் நாள் காலை அம்மா சந்தைக்குப் போயிருந்தார். கழிவறையில் குவளை வாளியில் இடிக்கும் சத்தம் கேட்டுப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. சித்தி தரையில் மண்டியிட்டு, மூடி இல்லாத வாளியிலிருந்து பிளாஸ்டிக் குவளையில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் திறந்து கிடந்த தண்ணீர். மேலே ஒரு நொச்சி இலையும் தலைமுடியும் மிதந்தன. தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. மூச்சு வாங்க நிறுத்தியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

சொல்லாதே என்று அவள் கேட்கவில்லை. நைட்டியின் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து ஒரு பெரிய மனுஷி பயந்தாள். நான் திரும்பிவந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். குடிப்பதற்கு அண்டாவில் நல்ல தண்ணீர் இருந்தது. நான் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால்தான் அவள் அங்கே போனாள். அப்போது எனக்கு அது புரியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை சித்தி என்னைக் கூப்பிட்டாள். அந்த வெயிலிலும் இரண்டு போர்வை போர்த்தியிருந்தாள். பல் கிட்டிக்கொண்டு பேச்சு உடைந்து வந்தது. என் கையைப் பிடித்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. “அம்மா வந்ததும் சொல்லு கண்ணு, ரொம்பக் குளிருதுன்னு. நான் தூங்கிட்டாலும் சொல்லிடு” என்றாள்.

அம்மா வர அன்று தாமதமாகிவிட்டது. பால்சுறா கிடைக்காமல் வேறு கடைக்கெல்லாம் அலைந்திருக்கிறார். வரும்போது பன்னிரண்டு ஆகப் போகிறது, எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தார். சித்தி கண் மூடிக் கிடந்தாள். “நல்லாத் தூங்கறா. ஒரு வாரமா தூக்கமே இல்ல பாவம், எழுப்பாத” என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

நான் சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் ஏன் வந்தது என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் வாளியைச் சொல்ல வேண்டும். வாளியைச் சொன்னால் பார்த்ததும் சொல்லாததற்கு அடி விழும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக யோசித்து முடிப்பதற்குள் அம்மா எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பையை மாட்டிவிட்டு மின்தூக்கி வரை கொண்டுவந்து விட்டுவிட்டார். கீழே இறங்கும்போதுகூட, திரும்பி மேலே போய்ச் சொல்லிவிடலாம் என்று பொத்தானில் கை வைத்தேன். பள்ளிக்குத் தாமதமாகப் போனால் பெயர் எழுதுவார்கள்.

மாலை ஆறேமுக்காலுக்கு வந்தால் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு மக்சிக் ஓடிவந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். சித்தி எழுந்திருக்கவே இல்லையாம், குழந்தை வீறிட்டு அழுதும் கண் திறக்கவில்லையாம், ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போயிருக்கிறார்கள். அம்மாவும் குழந்தையும் கூடப் போயிருந்தார்கள். மக்சிக் எனக்கு மைலோ கலக்கக் கொதிநீரை ஊற்றும்போது ஏழு மணி ஆனது. புளோக் முழுவதும் குழாய்கள் இருமின. அப்போது பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவசரத்தில் அம்மா குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, வராததால் அப்படியே விட்டிருக்க வேண்டும். நான் எங்கள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமையலறைத் தொட்டியில் முழு வேகத்தில் தண்ணீர் விழுந்து, ஒரு பாத்திரத்துக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தது. சாவி அம்மாவிடம் இருந்தது. ஒன்பது மணிக்கு அப்பா வந்து திறக்கும் வரை அது ஓடியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சித்தியை நினைத்து அழுகிறேன் என்று மக்சிக் என் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் தண்ணீருக்காகத்தான் அழுதேன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

சிறுநீர்த் தொற்று என்றார்கள், ரத்தம் வரை போயிருந்தது, உடம்பில் நீர் வற்றியிருந்தது என்றார்கள். அது வாளித் தண்ணீரால் வந்ததா, தண்ணீர் இல்லாமல் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, நான் பன்னிரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்? இணையத்தில் எத்தனையோ தடவை தேடிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் கிடைக்கிறது. சித்தி பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பால் வற்றிவிட்டது, பிறகு வரவில்லை. அங்கிருந்து சித்தப்பா அவளை நேராகப் பிடோக்குக்கு அழைத்துப் போய்விட்டார். என் அறையில் இருந்த தூளியையும் துணிகளையும் எடுக்க ஒரு நாள் வந்தவர், அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. “நல்லது செஞ்சா இதுதான்” என்று அம்மா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பயிற்சி முடிந்து பள்ளியில் சான்றிதழ் கொடுத்தார்கள்.

சித்தியின் மகன் புட்டிப்பாலில் நன்றாகவே வளர்ந்தான். ஆறடி உயரம், மாரத்தான் ஓடுகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், பார், ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அக்காவும் தங்கையும் நான்கைந்து வருடம் தீபாவளிக்கு மட்டும் பேசினார்கள். பிறகு ஒரு கல்யாணம், ஒரு சாவு, இன்னொரு கல்யாணம் என்று பேச்சு மெல்லத் திரும்பியது. அந்த வாரத்தை யாரும் தொட்டதில்லை.

எனக்கு மகள் பிறந்தபோது அம்மா செங்காங் வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு நாள் தங்கினார். முதல் நாளே இரண்டு லிட்டர் கண்ணாடிக் கூஜாவை என் கட்டிலருகே வைத்தார். “குடிடி, குடிச்சாத்தான் பால் ஊறும்” என்று மணிக்கொரு முறை வந்து நின்றார். பார்லி, வெந்நீர், சீரகத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி வந்தது. எப்போது, எப்படி இந்த மனம் மாறியது என்று அவர் சொல்லவில்லை. நான் குடித்தேன். ஒவ்வொரு டம்ளரும் எனக்கு எரிச்சலாக இறங்கியது.

பதினாறாம் நாள் சித்தி குழந்தையைப் பார்க்க வந்தாள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள், முடியில் மருதாணிச் சிவப்பு. சோபாவில் உட்கார்ந்து என் மகளை மடியில் வாங்கிக்கொண்டாள். அம்மா வழக்கம்போல் டம்ளரை நீட்டினார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வாங்காமல் கேட்டுவிட்டேன்.

“சித்திக்கு மட்டும் ஏன்மா இப்படிக் கொடுக்கல?”

அம்மா டம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். “அப்ப ஏதுடி தண்ணி? அந்த வருஷம் மழையே இல்ல. ஊர் முழுக்கத் தண்ணிய நிறுத்திட்டாங்களே, ஞாபகமில்லையா உனக்கு? இருந்தத வெச்சு எல்லாரும் சமாளிச்சோம்.”

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் அவருக்கு நினைவிருக்கிறது. முப்பது வருடத்தில் டம்ளர் கணக்கும், வெற்றிலைக்கார அம்மாளும், அரிசி டின்னும் கரைந்துபோய் வறட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். ஏழு மணி, குழாய், நீங்கள் துணி அலசியது என்று எல்லாமும் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. சித்தி என் மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினாள்.

“ஆமாக்கா. அந்த வருஷம் சுத்தமா மழையே இல்ல.”

“அதத்தான் சொல்றேன்” என்று அம்மா சமையலறைக்குப் போனார்.

சித்தி கிளம்பும்போது, நடக்கக் கூடாது என்று அம்மா தடுத்தும் கேட்காமல் மின்தூக்கி வரை போனேன். அங்கே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். முக்காலி போட்டு உட்கார்ந்ததை, வகுப்பில் சொன்னதை, வாளியைப் பார்த்ததை, அவள் சொல்லச் சொன்னதை நான் சொல்லாததை. முப்பது வருடமாக மனதில் ஒத்திகை பார்த்த பேச்சு அது. அழாமல் சொல்லி முடிக்க முடியவில்லை. தினமும் ஏழு மணிக்குத் தண்ணீர் வந்ததே சித்தி என்றேன்.

“தெரியும்டி. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தானே படுத்திருந்தேன்” என்றாள். “நானே எழுந்து போய்க் குடிச்சிருக்கலாம். எனக்கும் பயம்தான், தையல் பிரிஞ்சிடும்னு. நீ சின்னப் பிள்ள.”

“அப்ப ஏன் அம்மா சொன்னதுக்கு ஆமான்னு சொன்னீங்க?”

மின்தூக்கி வந்து கதவு திறந்தது. சித்தி உள்ளே போய்க் கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றாள்.

“உங்கம்மாவுக்கு எழுபது வயசாகுது. அவ தெரிஞ்சுக்கிட்டு என்னடி செய்யப்போறா? அவளுக்கு அந்த வருஷம் மழை பெய்யாமலே இருந்துட்டுப் போகட்டும். நீயும் விடு.”

சித்தியால் விட முடிகிறது. எனக்கு அவள் மேல்கூடக் கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கதவு மூடிய பிறகும், அவள் கீழே போய்ச் சேரும் வரை மாடி எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நின்றிருந்தேன்.